ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: 'சார்' போடலாமா, ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடலாமா?

சிறுவாணித்தண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியின் மேற்குப் பக்கம் ஒரு ஊரில் மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறேன், முதல் செமஸ்டர், மெட்டீரியல்ஸ் பிரிவு, ஆங்கில வழிதான். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் ஊர்ப் பட்டத்தைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுன்ட் (செலவுக்கான பணத்தைப் பூட்டிவைக்கும் வங்கிக் கணக்கு), விசா பற்றியெல்லாம் இங்கே இழை இழையாக எழுதித் தள்ளியிருக்கிறீர்கள், அதைப் படித்துத்தான் வந்து சேர்ந்தேன், நன்றி. ஆனால் வந்த பிறகு தினமும் முளைக்கிற சில்லறைக் கேள்விகளுக்கு ஒரு இழையும் காணோம். சீனியர்களிடம் கேட்டால் "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லிவிட்டு போனை நோண்டுகிறார்கள். அதனால் மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஒரு பேராசிரியரின் பாடத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டு மெயில் போட்டேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, நான் எந்தக் கல்லூரி, அவருடைய ஆராய்ச்சியில் எனக்கு எவ்வளவு ஈடுபாடு என்று மூன்று பத்தி. பதில்: "ஆம், இடம் உள்ளது. போர்ட்டலில் பதிவு செய்யவும்." அவ்வளவுதான். கோபமாக இருக்கிறாரா?

அப்புறம் பெயர். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. வருகிற கடிதம் எல்லாம் 'ஃப்ராவ்' (திருமதி மாதிரி) என்று போட்டு அப்பா பெயரில். வகுப்பில் வருகைப் பட்டியல் வாசிக்கும்போது அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் கையைத் தூக்குகிறேன்.

குழு ப்ராஜெக்டில் நான் ஒரு யோசனை சொன்னேன். ஒருவன் முகத்துக்கு நேரே "இல்லை, இது சரிவராது" என்றான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மென்சாவுக்கு (பல்கலை உணவகம்) சாப்பிடப் போகலாமா என்று அவனே சிரித்துக்கொண்டு கேட்கிறான். இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கூட இருக்கும் பெண் ஒரு நாள் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் அம்மா ஆப்பிள் கேக் வேண்டுமா என்று கேட்டார். "இல்லைங்க, பரவாயில்லை" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னேன். "சரி" என்று தட்டை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டார். திரும்பக் கேட்கவே இல்லை. கேக்கின் மேல் பட்டைத்தூள் வாசனை, வயிறு வேறு காலி.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு அரைத்தேன். மாலையில் சமையலறைக் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு: "ஞாயிறு அமைதி நாள். நன்றி." பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. நாங்கள் அந்த வீட்டில் இருப்பதே நாலு பேர். நேரில் சொன்னால் என்னவாம்?


மலைக்கோட்டை_மச்சான்:

வாம்மா சிறுவாணி. நான் டிரெஸ்டனில் பிஎச்டி, ஊர் திருச்சி. மெயிலில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் எல்லாரும் அதே மெயிலைத்தான் அனுப்புகிறார்கள்.

அந்தப் பேராசிரியருக்குக் கோபம் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார், அவர் கணக்கில் அது நல்ல பதில். அவருக்கு ஒரு நாளில் வரும் மெயிலில் மூன்று பத்தி கடந்து கேள்வியைத் தேடிக் கண்டுபிடிக்க வைக்கிறாயே, அதுதான் அவருக்குத் தொந்தரவு. தலைப்பில் பாடத்தின் பெயர். முதல் வரியிலேயே கேள்வி. கடைசியில் உன் பெயர், மெட்ரிகுலேஷன் எண் (பல்கலை தந்த மாணவர் எண்), எந்தப் படிப்பு. முடிந்தது. அழைப்பதற்கு 'டியர் ப்ரொஃபசர்' போட்டுக் குடும்பப் பெயர். சாரை இந்தியாவிலேயே விட்டுவிட்டு வா. பெண் பேராசிரியருக்கு 'டியர் சார்' என்று காப்பி அடித்து அனுப்புகிற ஆட்களை ஆண்டுக்கு நாலு பேராவது எங்கள் லேபில் பார்க்கிறோம், அந்த மெயிலை அவர் எங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிச் சிரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அவரே பதிலில் முதல் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டால் அடுத்த மெயிலில் நீயும் முதல் பெயர் போடலாம். அதுவரைக்கும் வேண்டாம். மாணவர்களுக்குள் முதல் நாளில் இருந்தே நீ, வா, போ. லேபில் பிஎச்டி ஆட்களோடும் பெரும்பாலும் அப்படித்தான். பேராசிரியர், அலுவலகம், டாக்டர், வீட்டுக்காரர் என்றால் 'நீங்கள்', பெரியவர்தான் முதலில் 'நீ போட்டுப் பேசு' என்று சொல்ல வேண்டும். இதில் நமக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை, ஊரிலேயே பழகியதுதான். ஆங்கிலத்தில் பேசும்போதுதான் எல்லாம் 'யூ' ஆகி யார் எங்கே நிற்கிறார்கள் என்று குழம்புகிறது.

பெயர் விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, அதை முதலில் பார். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லை என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கிப் பின் நம்பர், இன்ஷூரன்ஸ் அட்டை, வெளிநாட்டவர் அலுவலகத்தின் சந்திப்புத் தேதி எல்லாம் இன்னும் காகிதத்தில்தான் வருகிறது. அதனால் பெட்டியில் உன் பெயர், அப்பா பெயர் இரண்டையும் எழுதி ஒட்டு. வகுப்பில் "என்னை இப்படிக் கூப்பிடுங்கள்" என்று ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடு, யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் பட்டமளிப்பு வரைக்கும் உங்கள் அப்பாதான் படிப்பார்.

அப்புறம் தலையாட்டல். "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா" என்று கேட்டால் நாம் பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டுவோமே, இங்கே அது ஆமாவா இல்லையா என்று ஒருத்தருக்கும் புரியாது. வாயைத் திறந்து சொல்.


வேலைவெட்டி_இல்லாதவன்:

எல்லாம் சரி ப்ரோ. எல்லாவற்றிலும் நாமே மாற வேண்டுமா? ஜெர்மன்காரன் சென்னைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி சத்தத்தைப் பழகிக்கொள்ளத்தானே செய்கிறான். மாதம் 992 யூரோ கணக்கில் பூட்டிவைத்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறோம், சும்மா வரவில்லை.


யாழ்தேவி:

வணக்கம் தங்கச்சி. நான் டோர்ட்முண்ட் பக்கம் பிறந்து வளர்ந்தனான். அப்பா அம்மா எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவை. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விளங்கும்.

கேக் கதையை வாசித்துச் சிரித்துப்போட்டன், குறை நினைக்காதைங்கோ. எங்கட வீட்டில் யாராவது வந்தால் அம்மா மூன்று தரம் கேட்பா, வந்தவர் இரண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லி மூன்றாம் தரம் "சரி, கொஞ்சமாக" எண்டு வாங்குவார். இரண்டு பேருக்கும் அந்த விளையாட்டு தெரியும். அந்த ஜெர்மன் அம்மாவுக்கு அது தெரியாது. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால், திரும்பக் கேட்பது உங்களை வற்புறுத்துவது எண்டுதான் அவ நினைப்பா. உங்கட சொல்லை மதித்துத்தான் தட்டை நகர்த்தினவ. ஆகவே பசி எண்டால் முதல் தரமே ஓம் சொல்லுங்கோ. வேண்டாம் எண்டாலும் தயங்காமல் சொல்லலாம், அவைக்கு ஒரு மனவருத்தமும் இராது. என் சிநேகிதி ஒருத்தி எங்கட வீட்டுக்கு வந்து, அம்மா கேட்காமலே மூன்றாம் தரம் சோறு போட்டதைப் பார்த்து, மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு எண்டு நினைத்து முழுவதையும் விழுங்கி, பின்னேரம் முழுக்கச் சோஃபாவில் படுத்துக் கிடந்தவள். அந்தப் பக்கமும் கஷ்டம் இருக்கு.

இதே கணக்கு வெளியில் சாப்பிடும்போதும் வரும். பணம் வாங்க வருகிறவர் "ஒன்றாகவா, தனித்தனியாகவா" எண்டு கேட்பார். தனித்தனியாக எண்டு சொன்னால் யாரும் கஞ்சன் எண்டு நினைக்கிறதில்லை. அவரவர் சாப்பிட்டதை அவரவர் சொல்லிக் கொடுக்கலாம். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு எழும்புவதில்லை, 18.20 வந்தால் "இருபது" எண்டு சொல்லிக் கொடுப்பினம்.

பிறந்தநாளில் கவனம். முதல் நாளே வாழ்த்துச் சொல்லாதைங்கோ, இங்கே அது அபசகுனம். வயதுபோன ஆக்கள் உண்மையாகவே முகம் சுளிப்பினம். பிறந்தநாள்காரர்தான் லேபுக்குக் கேக் கொண்டுவர வேணும். உங்கட பிறந்தநாளைக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை எண்டு அறைக்குள்ளே இருந்து அழாதைங்கோ, அவையும் நீங்கள் கேக் கொண்டுவருவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டு இருப்பினம்.

மிக்ஸி பற்றி: இரவு பத்து மணியில் இருந்து காலை ஆறு மணி வரை, பிறகு ஞாயிறு முழு நாளும், பொது விடுமுறைகளிலும் அமைதி. துளை போடுகிறது, வாக்கும் கிளீனர், வெறும் கண்ணாடிப் போத்தல்களைத் தெருவில் இருக்கிற சேகரிப்புத் தொட்டிக்குள் போடுகிறது எல்லாம் அதுக்குள் அடக்கம். உங்கட வீட்டு விதிகள் எழுதிய தாள் ஒப்பந்தத்தோடு தந்திருப்பினம், எடுத்து வாசியுங்கோ. மஞ்சள் சீட்டு கோபக் கடிதம் இல்லை. கோபம் எண்டால் சிரிப்புப் பொம்மை இராது, ஆச்சரியக்குறி மூன்று இருக்கும். நேரில் போய் "எனக்கு வாரம் ஒரு தரம் மா அரைக்க வேணும், எந்த நேரம் உங்களுக்கு வசதி" எண்டு கேளுங்கோ. சனிக்கிழமை பின்னேரம் எண்டு முடிவாகும், பிறகு ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டினம். முதல் இட்லியில் அவைக்கும் இரண்டு குடுங்கோ.


குறுக்குத்துறை:

நான் திருநெல்வேலிக்காரன், இங்கே போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்த பிறகு செய்யும் ஆராய்ச்சி வேலை), பாடமும் நடத்துகிறேன், விடைத்தாளும் திருத்துகிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

வேலைவெட்டி கேட்டதற்கு முதலில் பதில். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான் கிண்டியில் ஐஐடி மெட்ராஸ் தொடங்கினார்கள். ஜெர்மன் பேராசிரியர்கள் அங்கே வந்து தங்கிப் பாடம் எடுத்தார்கள். நம் ஊர் வெயிலில், நம் ஊர்ச் சாப்பாட்டில், நம் பையன்களின் 'எஸ் சார்' மத்தியில். அவர்களும் மாறித்தான் இருந்திருப்பார்கள். இதில் யார் ஜெயித்தார் என்று கணக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. பூட்டிவைத்த அந்த 992 யூரோவும் உன் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் உனக்கே திரும்பி வருகிற பணம், யாருக்கும் நீ கொடுத்த கட்டணம் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் மட்டும் 2017-இல் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. வேறு சில இடங்களிலும் தனியாக வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

இப்போது சிறுவாணி, அந்த "சரிவராது" பையன். அவன் உன் யோசனையைத்தான் வேண்டாம் என்றான், உன்னை இல்லை. உன்னை மதிக்காதவன் என்றால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். நீ செய்ய வேண்டியது "ஏன் சரிவராது" என்று கேட்பது. காரணம் சொல்வான். காரணம் தப்பு என்றால் அதையும் சொல். நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள், குழுவில் இருக்கிறவர்கள் 'இவருக்கு ஈடுபாடு இல்லை போல' என்று முடிவுகட்டி வேலையை அவர்களே எடுத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பிறகு ப்ரசன்டேஷனில் நமக்குக் கிடைப்பது முகப்புப் பக்கமும் நன்றிப் பக்கமும்தான். வெள்ளைக்காரன் ஒதுக்குகிறான் என்று ஹாஸ்டலில் புலம்பல் வேறு. சில சமயம் உண்மையிலேயே ஒதுக்குவார்கள், அதை இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் பார்த்த பாதிக்கு மேல் இந்த வகைதான்.

வகுப்பில் கேள்வி கேட்டால் பேராசிரியர் மகிழ்வார். அவர் போர்டில் எழுதிய சமன்பாட்டில் குறி தப்பு என்றால் கையைத் தூக்கிச் சொல்லலாம், "நன்றி" என்று திருத்திவிட்டு நடத்துவார். எழுந்து நிற்க வேண்டாம். வகுப்பு முடிந்தால் கை தட்டுவதற்குப் பதில் விரல் கணுவால் மேசையைத் தட்டுவார்கள், முதல் நாள் கேட்டால் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம் மாதிரி இருக்கும். நேரம் போட்ட இடத்தில் 'சி.டி.' என்று இருந்தால் கால் மணி தள்ளித்தான் ஆரம்பம், பத்து என்றால் பத்தேகால். 'எஸ்.டி.' என்றால் பத்து என்றால் பத்து. எல்லாப் பல்கலையிலும் இந்த வழக்கம் இல்லை, உன் ஊரில் எப்படி என்று பார்த்துக்கொள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பது இங்கே அநாகரிகம், டிஷ்யூ எடுத்து வகுப்பே அதிரச் சீந்தலாம், அது பரவாயில்லை. எனக்கு இன்னும் இது மட்டும் ஒத்துப்போகவில்லை.

யாரும் கேட்காததால் நானே தேர்வு பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையான அடி அங்கேதான் விழும். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பாடத்துக்குப் பதிவு செய்தது தேர்வுக்குச் செல்லாது. தயாராகவில்லை என்றால் குறிப்பிட்ட தேதிக்குள் போர்ட்டலில் விலகிக்கொள்ளலாம். விலகாமல், டாக்டர் சான்றிதழும் இல்லாமல் வராவிட்டால் பொதுவாக 5.0, அதாவது ஃபெயில். இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ். பல படிப்புகளில் ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றும் போய்விட்டால் அந்தப் படிப்பில் இருந்தே வெளியே, வேறு ஊரில் அதே படிப்பில் சேரவும் முடியாது, விசாவும் ஆட்டம் காணும். நம் ஊர் அரியர் மாதிரி எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைத்து மாட்டிய பையன்கள் உண்டு.

முடிவு வந்த பிறகு விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். கட்டாயம் போ. பேராசிரியரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று நம் பிள்ளைகள் போவதே இல்லை. நான் திருத்திய தாளில் ஒரு பக்கத்தின் மதிப்பெண்ணைக் கூட்டாமல் விட்டிருந்ததை ஒரு மாணவி காட்டினாள், அங்கேயே திருத்திக் கொடுத்தேன். 4.0-க்கும் 5.0-க்கும் நடுவில் ஒரு மதிப்பெண்தான் நிற்கும். ஆனால் "கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" வேண்டாம். எந்தக் கேள்வி, எந்தப் படி, ஏன், அதை மட்டும் பேசு.

பரிசுப் பொருளும் அப்படித்தான். பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள், பரிசு வாங்கச் சட்டப்படி கட்டுப்பாடு இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே பட்டுப் பொன்னாடையும் யானைப் பொம்மையும் நீட்டினால் அவர் நெளிவார். ஊருக்குப் போய் வந்தால் ஒரு மைசூர்பாகு டப்பாவைக் காப்பி மெஷின் பக்கத்தில் திறந்து வை, எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், அவரும் எடுப்பார்.


சிறுவாணித்தண்ணி:

இவ்வளவு நீளமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. தேர்வுக்குத் தனிப் பதிவு என்பது எனக்குத் தெரியவே தெரியாது, இன்றைக்கே போர்ட்டலைப் பார்க்கிறேன்.

தபால் பெட்டியில் அப்பா பெயரையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். மிக்ஸி பற்றிப் பேசினேன். சீட்டு எழுதியவள் கேக் வீட்டுப் பெண்தான்! "நேரில் சொன்னால் நீ சங்கடப்படுவாய் என்று எழுதி வைத்தேன்" என்கிறாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் அரைக்கலாம் என்று முடிவாகிவிட்டது.

இன்னொன்று. எங்கள் குழுவில் ஐந்து பேரில் மூன்று பேர் தமிழ். லேபில் உட்கார்ந்தால் தானாகத் தமிழ் வந்துவிடுகிறது. மற்ற இருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிறார்கள். இது தப்பா?


வேலைவெட்டி_இல்லாதவன்:

அவர்கள் இரண்டு பேர் ஜெர்மனில் பேசினால் நாம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளவில்லையா? கணக்கு சரியாகப் போயிற்று.


மலைக்கோட்டை_மச்சான்:

கணக்கு சரியாகப் போகாது மச்சி, அவர்கள் கவனித்துப் பார்த்தால் நீ பக்கத்தில் வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள், பெரும்பாலும். மாறவில்லை என்றால் அதையும் கேட்கலாம். வேலை பற்றிய பேச்சு என்றால் ஐந்து பேருக்கும் புரிகிற மொழி. நேற்று பார்த்த கிரிக்கெட் என்றால் தமிழில் தாராளமாகப் பேசுங்கள். நடுவில் அவர்கள் பெயர் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் மோசம். தமிழில் என்ன பேசினாலும் நடுவில் தன் பெயர் கேட்டால் யாராக இருந்தாலும் காது நிமிரும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் தமிழ்ப் பையன்கள் பத்துப் பேர் ஒரே வீட்டில், ஒரே சமையல், ஒரே வாட்ஸாப் குழு என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டு, கடைசியில் ஜெர்மன் பேச வராததால் வேலை கிடைக்கவில்லை என்று அலைகிறார்கள். ஆங்கிலத்தில் படிக்கலாம், ஆனால் கடையில், டாக்டரிடம், வேலையில் ஜெர்மன் வேண்டும். பல்கலையின் மொழி மையத்தில் பதிவு செய்தாயா? இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடத்துவார்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.


வேலைவெட்டி_இல்லாதவன்:

பத்துப் பேர் சேர்ந்து சமைப்பதால்தான் பல பேர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், அறையில் ஒரு ஆள் முகம் பார்க்காமல் இரண்டு நாள் இருந்தால் தெரியும். ஜெர்மன் நண்பன் மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுப்பான். ரசம் வைத்துக்கொண்டு "வாடா" என்று கூப்பிடுகிறவன் நம்மவன்தான்.


யாழ்தேவி:

இதில் வேலைவெட்டி சொல்கிறது சரி. என்ர அப்பா ஆக்கள் வந்த காலத்தில் அப்படி ஒரு கூட்டம் இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திராது. ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் பெரிதாகக் கட்டி எழுப்பினவை, தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். தங்கச்சி, உங்களுக்குக் கிட்ட எண்டால் ஒரு தரம் போய் வாங்கோ, தேங்காய் உடைக்கிற சத்தத்தைக் கேட்டால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். ஜெர்மன் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவை விரும்பி வருவினம்.

மனம் மிகவும் சோர்ந்தால் மாணவர் சேவை அமைப்பில் உளவியல் ஆலோசனை இருக்கு, பொதுவாகக் காசு இல்லை, ஆங்கிலத்திலும் கதைப்பினம். வீட்டுக்காரரோடு சிக்கல் எண்டால் மாணவர் பிரதிநிதிகளின் அலுவலகத்தில் பல இடங்களில் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கும். இரண்டுக்கும் போகிறது வெட்கம் இல்லை.

சமையலறைக்கு ஒரு எச்சரிக்கை. தாளிக்கும்போது மிளகாய் கருகிப் புகை வந்தால், சமையலறைக் கதவை நடைபாதைப் பக்கம் திறக்காதைங்கோ. பல விடுதிகளில் புகைக் கருவி நடைபாதையில்தான் இருக்கும், கதவைத் திறந்த உடனே கட்டிடம் முழுக்க அலறும், எல்லாரும் செருப்போடு முற்றத்தில் நிற்பினம், தீயணைப்பு வண்டி வரும். சில இடங்களில் அந்தச் செலவை உங்களிடமே கேட்பினம். ஜன்னலை அகலத் திறந்து கதவைச் சாத்துங்கோ. சமைத்த பிறகு மட்டுமில்லை, குளிர்காலத்தில் தினமும் இரண்டு மூன்று தரம் ஜன்னலை ஐந்து பத்து நிமிடம் முழுதாகத் திறக்க வேணும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், வீடு விடும்போது வைப்புப் பணத்தில் பிடிப்பினம்.


குறுக்குத்துறை:

சின்னதாக இரண்டு சேர்த்துவிடுகிறேன். டாக்டரின் காத்திருக்கும் அறைக்குள் நுழைந்தால் உள்ளே இருக்கிற எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார வேண்டும், தெரியாதவர்கள்தானே என்று சும்மா உட்காரக் கூடாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், கேன்களைக் காலியானதும் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். வெளியில் இருக்கும்போது அதைச் சுமக்க மனம் இல்லை என்றால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வை, பொறுக்குகிறவர்கள் கையை உள்ளே விட வேண்டியதில்லை.

சிகப்பு விளக்கில் ரோட்டைக் கடக்காதே, பக்கத்தில் குழந்தை நின்றால் கட்டாயம் கடக்காதே, பாட்டிகள் நடுரோட்டில் நிறுத்தித் திட்டுவார்கள். அபராதம் ஐந்து யூரோதான், திட்டு அதைவிடப் பெரிது.


சிறுவாணித்தண்ணி:

போர்ட்டலில் பார்த்தேன். இரண்டு தாளுக்குப் பதிவு இன்னும் திறந்திருக்கிறது, செய்துவிட்டேன். மூன்றாவது தாளில் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஜெர்மனில் ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது, உறுதி மெயிலும் வரவில்லை. பேராசிரியருக்கு எழுதட்டுமா?


மலைக்கோட்டை_மச்சான்:

பேராசிரியருக்கு வேண்டாம், அவர் கையில் அது இல்லை. தேர்வு அலுவலகத்துக்கு எழுது, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்துவிடு, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. கடைசி நாள் நெருங்கிவிட்டது என்றால் மெயிலோடு நிற்காமல் அவர்கள் திறந்திருக்கிற நேரம் பார்த்து நேரிலேயே போய்விடு, பெரும்பாலும் காலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான் திறப்பார்கள். மெட்ரிகுலேஷன் எண்ணும் பாடத்தின் எண்ணும் முதல் வரியில் இருக்கட்டும்.